போன் திரை கம்ப்யூட்டரில் வரவில்லையா? அறிகுறியை வைத்துச் சிக்கலைப் பிடிக்கும் வழி

கேபிள் இல்லாமல் போன் திரையை டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும் என்று தேடினால் ஏகப்பட்ட மென்பொருள்கள் வந்து நிற்கும். ஒன்று சரிவரவில்லை என்றதும் அடுத்ததை இறக்குவது, அதுவும் மக்கர் செய்தால் இன்னொன்று என்றுதான் பலரும் போகிறார்கள். கடைசியில் விளம்பரம் காட்டும் நாலைந்து மென்பொருள்கள் கம்ப்யூட்டரில் தங்கிவிடும், திரை மட்டும் வராது. இந்த விஷயத்தில் பெரும்பாலான கோளாறுகள் மென்பொருளில் இருப்பதில்லை. போன் எந்த முறையில் படத்தை அனுப்புகிறது, அதே முறையில் வாங்கிக்கொள்ளக் கம்ப்யூட்டர் தயாரா, நடுவில் வழி அடைபட்டிருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்தால் எங்கே நிற்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

முதலில் போனைப் பாருங்கள்

சாம்சங், ரெட்மி, போகோ, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் பெரும்பாலானவை மிராகாஸ்ட் முறையில் அனுப்பும். வைஃபை அலையன்ஸ் 2012-இல் கொண்டுவந்த முறை இது. சாம்சங்கில் ஸ்மார்ட் வியூ, ரெட்மியில் காஸ்ட், ஓப்போவிலும் ரியல்மியிலும் ஸ்கிரீன்காஸ்ட் என்று பெயர்தான் மாறும். இதற்கு ரூட்டர் தேவையில்லை. போனும் கம்ப்யூட்டரும் வைஃபை டைரக்ட் வழியாக நேரடியாகப் பேசிக்கொள்ளும். அதனாலேயே கம்ப்யூட்டரில் வைஃபை இருந்தே ஆக வேண்டும்.

ஐபோன் இதற்கு நேர் எதிர். அது ஏர்பிளே முறையில் மட்டுமே அனுப்பும். அதற்கு இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். ஆனால் கம்ப்யூட்டரில் வைஃபை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ரூட்டரிலிருந்து லேன் கேபிள் வந்தால் போதும். கூகுளின் பிக்சல் போன்கள் கூகுள் காஸ்ட் மட்டுமே அறிந்தவை, மிராகாஸ்ட் அனுப்பாது. விண்டோஸ் தன் சொந்த வசதியில் ஏர்பிளேயையும் வாங்காது, கூகுள் காஸ்ட்டையும் வாங்காது. இந்த இரண்டு போன்களுக்கும் கடைசியில் வருகிறேன்.

விண்டோஸில் நிறுவுவது

மிராகாஸ்ட் படத்தை வாங்கும் மென்பொருளை மைக்ரோசாஃப்டே தருகிறது. காசும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. 2016-இல் வந்த விண்டோஸ் 10 ஆண்டுவிழா அப்டேட்டில் இது ‘கனெக்ட்’ என்ற பெயரில் கூடவே வந்தது. 2020-இல் வந்த 2004 என்ற பதிப்பிலிருந்து நாமாகச் சேர்த்தால்தான் வரும். பழைய வழிகாட்டியைப் பார்த்துவிட்டுக் ‘கனெக்ட்டைக் காணோமே’ என்று தேடுபவர்களுக்குக் காரணம் இதுதான்.

செட்டிங்ஸைத் திறந்து ஆப்ஷனல் ஃபீச்சர்ஸுக்குப் போங்கள். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அது சிஸ்டம் பக்கத்தில் இருக்கும், மற்றவற்றில் ஆப்ஸ் பக்கத்தில். புது வசதி சேர்க்கும் பட்டனை அழுத்தி ‘வயர்லெஸ் டிஸ்பிளே’ என்று தேடி, டிக் செய்து நிறுவுங்கள். அப்புறம் சிஸ்டம் பக்கத்தில் ‘ப்ரொஜெக்டிங் டு திஸ் பிசி’ என்பதைத் திறங்கள். முதல் பெட்டியில் ‘ஆல்வேஸ் ஆஃப்’ என்று இருக்கும், அதை ‘அவைலபிள் எவ்ரிவேர் ஆன் செக்யூர் நெட்வொர்க்ஸ்’ என்று மாற்றுங்கள். இந்த நிலையில் போனின் கண்ணில் கம்ப்யூட்டர் படாவிட்டால் ‘அவைலபிள் எவ்ரிவேர்’ வைக்கலாம். அப்படி வைத்தால் பின் நம்பர் கேட்கும் இடத்தில் ‘ஃபர்ஸ்ட் டைம்’ அல்லது ‘ஆல்வேஸ்’ என்று வையுங்கள். அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுப் போனுக்கும் உங்கள் கம்ப்யூட்டர் பெயர் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது ஸ்டார்ட் மெனுவில் தேடி வயர்லெஸ் டிஸ்பிளேயைத் திறங்கள். விண்டோஸ் 10-இல் அதன் பெயர் இன்னும் கனெக்ட்தான். கம்ப்யூட்டர் பெயரும், இணைக்கத் தயார் என்ற செய்தியும் வந்தால் கம்ப்யூட்டர் பக்கம் வேலை முடிந்தது. உங்கள் கருவி வயர்லெஸ் ப்ரொஜெக்‌ஷனுக்கென்றே செய்யப்பட்டதல்ல, படம் காட்டுவதில் சிரமம் வரலாம் என்று சில கம்ப்யூட்டர்களில் ஒரு வரி வரும். அது எச்சரிக்கை மட்டும்தான், பிழை அல்ல. அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

அறிகுறி: நிறுவும்போதே பாதியில் நின்றுவிடுகிறது

போனின் ஹாட்ஸ்பாட்டில் இருந்து கம்ப்யூட்டருக்கு இணையம் கொடுப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். அந்த வைஃபையை ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்று குறித்திருந்தால் டேட்டாவை மிச்சம் பிடிக்க விண்டோஸ் இந்த வசதியை இறக்காது. வைஃபையின் ப்ராப்பர்டீஸில் அதை ஆஃப் செய்துவிட்டு மறுபடி நிறுவுங்கள். சின்ன மென்பொருள்தான், டேட்டா ஒன்றும் பெரிதாகப் போகாது. விண்டோஸ் அப்டேட் ஏதாவது ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் விஷயம் வேறு. நிறுவனத்தின் சொந்த அப்டேட் சர்வரோடு கம்ப்யூட்டரைக் கட்டி வைத்திருந்தால் இதுபோன்ற கூடுதல் வசதிகள் அங்கே கிடைக்காமல் நிறுவல் தோற்கும். ப்ரொஜெக்டிங் பக்கம் முழுவதும் சாம்பல் நிறத்தில் தொட முடியாமல் இருந்தாலும் நிர்வாகி பூட்டியிருக்கிறார் என்றுதான் பொருள். ஐடி ஆளிடம் கேளுங்கள். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டாம்.

அறிகுறி: இந்தக் கருவி மிராகாஸ்ட் பெறாது என்று சொல்கிறது

டெஸ்க்டாப்பில் முதல் சந்தேகம் வைஃபை மீதுதான். நம் ஊரில் அசெம்பிள் செய்த பல சிபியூக்களில் லேன் போர்ட் மட்டுமே இருக்கும். டாஸ்க்பாரில் வைஃபை சின்னமே வராது. இதற்கு யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன வைஃபை கருவியான டாங்கிளோ, உள்ளே மாட்டும் வைஃபை கார்டோ வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறதா, விண்டோஸில் வைஃபை டைரக்ட் அல்லது மிராகாஸ்ட் வேலை செய்யும் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள மலிவு டாங்கிள் இணையத்துக்குப் போதும், ஓடும் படத்துக்குத் திணறும்.

வைஃபை இருந்தும் இதே செய்தி வந்தால் அடுத்த சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர். விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு பலர் இதை நிறுவாமலே விட்டுவிடுகிறார்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸைத் திறந்து பாருங்கள். அங்கே ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்று மட்டும் இருந்தால் உண்மையான டிரைவர் இல்லை என்று பொருள். இன்டெல், ஏஎம்டி, என்விடியா இவற்றில் உங்களுடையது எதுவோ அதன் தளத்திலிருந்தே டிரைவரை எடுத்துப் போடுங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் சின்னப் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள். திறக்கும் ஜன்னலில் எல்லா விவரத்தையும் ஃபைலாகச் சேமிக்கும் பட்டன் கீழே இருக்கும். அந்த ஃபைலில் மிராகாஸ்ட் என்று ஒரு வரி வரும். ‘அவைலபிள்’ என்று தொடங்கினால் கிராஃபிக்ஸும் வைஃபையும் சரி. கிராஃபிக்ஸ் டிரைவர் ஒத்துழைக்கவில்லை என்றிருந்தால் குற்றவாளி யார் என்பது அங்கேயே எழுதியிருக்கிறது.

அறிகுறி: போனில் கம்ப்யூட்டர் பெயரே வரவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். காரணங்களும் அதிகம், ஆனால் பெரும்பாலும் சின்னவை.

விண்டோஸ் பட்டனையும் கே எழுத்தையும் அழுத்திவிட்டு, வரும் பட்டியலில் போனைத் தேடுபவர்கள் உண்டு. அந்தப் பட்டியல் கம்ப்யூட்டர் திரையை டிவிக்கு அனுப்புவதற்கானது. நமக்கு வேண்டியது போனிலிருந்து வருவது, ஆகவே தேடல் போனில்தான் நடக்க வேண்டும். வயர்லெஸ் டிஸ்பிளே ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, மூடாமல், அப்புறம் போனில் தேடுங்கள்.

லேன் கேபிளில் இணையம் வரும் கம்ப்யூட்டரில் ‘வைஃபை எதற்கு’ என்று ஆஃப் செய்து வைத்திருப்பார்கள். எந்த நெட்வொர்க்கோடும் இணைய வேண்டாம், ஆனால் வைஃபை ஆன் நிலையில் இருக்க வேண்டும். போனிலும் அப்படியே.

போன் ஹாட்ஸ்பாட் ஆன் செய்திருந்தால் அணைத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இணையத்தைப் பங்கிடுவதும் திரையை அனுப்புவதும் பல போன்களால் முடியாது. கம்ப்யூட்டரின் மொபைல் ஹாட்ஸ்பாட்டும் இதே வைஃபை வசதியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதையும் அணைக்க வேண்டும். போனில் லொக்கேஷன் அல்லது ‘நியர்பை டிவைஸஸ்’ அனுமதி மறுக்கப்பட்டிருந்தாலும் சில போன்களில் தேடல் வெறுமையாகவே வரும்.

இப்போது எழுந்து சிபியூவின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மதர்போர்டிலேயே வைஃபை உள்ள மாடல்களில் யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் திருகு வரிகளோடு பொன்னிறத்தில் இரண்டு சிறிய முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஆண்டெனா மாட்டும் இடம். ஆண்டெனாக்கள் பெட்டிக்குள் தனிப் பையில் வருவதால், கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தபோது மாட்டாமலே விடப்பட்டிருக்கும். மொட்டையாக இருக்கும் அந்த முளைகளோடும் பக்கத்தில் உள்ள ரூட்டர் கிடைத்துவிடும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் நேரடி இணைப்பு என்று வரும்போது போன் சிபியூவைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பெயர் தெரியும், இரண்டு அடி தள்ளினால் காணாமல் போகும். இரண்டையும் மாட்டிக் கையால் இறுக்குங்கள், ஸ்பேனர் வேண்டாம்.

யுஎஸ்பி டாங்கிள் வைத்திருப்பவர்கள் அதை எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். யுஎஸ்பி 3.0 போர்ட்டுகளும் அவற்றில் செருகிய ஹார்ட் டிஸ்க்குகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல்லே 2012-இல் இதை அளந்து ஒரு அறிக்கை வெளியிட்டது. டாங்கிளை நீல நிறப் போர்ட்டிலிருந்து எடுத்துக் கறுப்பு நிற யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுங்கள், இல்லையென்றால் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மேஜை மேல் கொண்டுவாருங்கள். இரும்புப் பெட்டிக்குப் பின்னால், மேஜைக்கு அடியில், சுவரைப் பார்த்தபடி கிடக்கும் டாங்கிளிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் வராவிட்டால் டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவைத் திறந்து ‘ஷோ ஹிட்டன் டிவைஸஸ்’ கொடுங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸில் ‘மைக்ரோசாஃப்ட் வைஃபை டைரக்ட் வர்ச்சுவல் அடாப்டர்’ இருக்க வேண்டும். முடக்கியிருந்தால் எனேபிள் செய்யுங்கள். அந்தப் பெயரே இல்லையென்றால் வைஃபை டிரைவர் சரியில்லை. கார்டு அல்லது டாங்கிள் தயாரித்தவர் தளத்திலிருந்து டிரைவரை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

அறிகுறி: பெயர் வருகிறது, ஆனால் ‘கனெக்டிங்’ என்றே சுற்றிக்கொண்டிருக்கிறது

கம்ப்யூட்டரின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். அனுமதி கேட்டு ஒரு அறிவிப்பு வந்து, யாரும் கவனிக்காமல் மறைந்திருக்கலாம். ‘டு நாட் டிஸ்டர்ப்’ ஆனில் இருந்தால் கண்ணுக்கே தெரியாமல் போகும்.

அது இல்லையென்றால் ஃபயர்வால். விண்டோஸ் ஃபயர்வாலில் அனுமதி பெற்ற மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து ‘வயர்லெஸ் டிஸ்பிளே’ என்ற வரிக்கு ப்ரைவேட், பப்ளிக் இரண்டிலும் டிக் இருக்கிறதா பாருங்கள். பலர் ப்ரைவேட்டில் மட்டும் டிக் செய்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். நேரடி இணைப்பை விண்டோஸ் பப்ளிக் என்று எடுத்துக்கொண்டால் அந்த டிக் உதவாது. வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் இருந்தால் அதன் ஃபயர்வாலைச் சற்று நேரம் நிறுத்திச் சோதித்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். விபிஎன் ஓடினால் இரண்டு பக்கமும் அணையுங்கள்.

முன்பு இணைந்து, இப்போது மட்டும் இணையவில்லை என்றால் புளூடூத் அண்டு டிவைஸஸ் பட்டியலில் அந்தப் போன் பழைய கருவியாகத் தங்கியிருக்கும். அதை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

அறிகுறி: இணைந்துவிட்டது, ஆனால் திரை கறுப்பு

எல்லா ஆப்பிலும் கறுப்பா, சிலவற்றில் மட்டுமா? ஹோம் ஸ்கிரீன் தெரிகிறது, வங்கி ஆப்போ நெட்ஃப்ளிக்ஸோ திறந்தால் மட்டும் கறுக்கிறது என்றால் அது கோளாறே அல்ல. அந்த ஆப்கள் தங்கள் திரையை வெளியே காட்டக்கூடாது என்று ஆண்ட்ராய்டிடம் சொல்லி வைத்திருக்கின்றன. இதை மீறிக் காட்டுவேன் என்று சொல்லும் மென்பொருள்களை நம்பி, பணம் புழங்கும் போனில் எதையும் நிறுவாதீர்கள். வங்கித் திரை கறுப்பாக இருப்பது உங்கள் நன்மைக்கு.

ஹோம் ஸ்கிரீனே கறுப்பு என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். படம் நடுவில் ஒல்லியாகவும் இரு பக்கமும் கறுப்பாகவும் வந்தால் போனைப் படுக்க வையுங்கள், ஆட்டோ ரொட்டேட் ஆனில் இருக்கட்டும்.

அறிகுறி: விட்டு விட்டு வருகிறது, கட்டம் கட்டமாக உடைகிறது

கம்ப்யூட்டர் ஒரே வைஃபை கார்டால் ரூட்டரோடு ஒரு சேனலிலும் போனோடு இன்னொரு சேனலிலும் பேசிக்கொண்டிருக்கும். ஒரே ஆள் இரண்டு கல்லாவில் மாறி மாறி உட்கார்ந்து காசு வாங்குவது போலத்தான் இது, இரண்டு வரிசையும் தேங்கும். முடிந்தால் இணையத்துக்கு லேன் கேபிள் போட்டு, வைஃபையை எந்த நெட்வொர்க்கோடும் இணைக்காமல் ஆனில் மட்டும் வையுங்கள். கேபிளுக்கு வழியில்லை என்றால் கம்ப்யூட்டரும் போனும் ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணையட்டும்.

புளூடூத் ஹெட்செட், புளூடூத் மவுஸ் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகின்றன, சோதிக்கும்போது அவற்றை அணைத்துப் பாருங்கள். சிறிது நேரம் நன்றாக ஓடிவிட்டுத் துண்டிக்கப்பட்டால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். போன் திரை அணைந்தாலும் இணைப்பு போய்விடும் என்பதால் ஸ்கிரீன் டைம்அவுட்டை நீட்டி வையுங்கள்.

எல்லாம் செய்தும் மிராகாஸ்ட்டில் சிறு தாமதம் இருக்கவே செய்யும். பாடம் நடத்த, படம் காட்டப் போதும். கேம் ஆட இது சரிப்படாது.

அறிகுறி: சத்தம் இல்லை

இணைந்ததும் சத்தம் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அங்கே சவுண்ட் அவுட்புட்டில் ஸ்பீக்கர் இல்லாத மானிட்டர் தேர்வாகியிருக்கும், மாற்றுங்கள். போனில் புளூடூத் இயர்பட்ஸ் இணைந்திருந்தால் சத்தம் அதில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

அறிகுறி: மவுஸால் போனை இயக்க முடியவில்லை

ஆண்ட்ராய்டு போனிலிருந்து மிராகாஸ்ட் வழியாக வருவது பெரும்பாலும் வெறும் படம்தான், திரும்பிப் போக வழி இருக்காது. கம்ப்யூட்டரிலிருந்தே போனை இயக்க வேண்டும் என்றால் ஸ்கிரீன் காப்பி என்று வாசிக்கப்படும், எஸ்-சி-ஆர்-சி-பி-ஒய் என்ற ஆறு எழுத்துப் பெயர் கொண்ட திறமூல மென்பொருளைப் பயன்படுத்துங்கள். 2018-இல் வந்தது. பிக்சல் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே நல்ல வழி. கம்ப்யூட்டரில் வைஃபை இல்லாவிட்டாலும் ஒரே ரூட்டரில் கேபிளால் இணைந்திருந்தால் போதும். இதன் பெயரை வைத்துக்கொண்டு போலித் தளங்கள் இருக்கின்றன. கிட்ஹப்பில் உள்ள அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள்.

ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் என்றால் போனுக்கு யுஎஸ்பி கேபிளே வேண்டாம். அபவுட் போன் பக்கத்தில் பில்டு நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் வயர்லெஸ் டீபக்கிங்கை ஆன் செய்து, போனையும் கம்ப்யூட்டரையும் ஜோடி சேர்க்கும் பேரிங் கோடு கேளுங்கள். ஆறு இலக்கக் கோடும், ஐபி முகவரியும், அதன் வாலில் ஒரு போர்ட் எண்ணும் வரும். ஸ்கிரீன் காப்பியோடு வரும் ஏடிபி, கட்டளை தட்டிப் போனோடு பேசும் கருவி. அதில் ஜோடி சேர்க்கும் ‘பேர்’ கட்டளைக்கு அந்த ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும், பிறகு ஆறு இலக்கக் கோடையும் கொடுங்கள். அடுத்து ‘கனெக்ட்’ கட்டளை. இங்கேதான் பலருக்கும் இணைப்பு மறுக்கப்படுகிறது. பேரிங்குக்கான போர்ட் எண் வேறு, இணைவதற்கான போர்ட் எண் வேறு. இரண்டாவது எண் பேரிங் பெட்டியை மூடியபின் வயர்லெஸ் டீபக்கிங்கின் முதல் பக்கத்தில் தெரியும். போனை ரீஸ்டார்ட் செய்தால் அதுவும் மாறிவிடும், நேற்றைய எண் இன்று உதவாது.

ரெட்மி, போகோவில் படம் வந்தும் மவுஸ் வேலை செய்யாவிட்டால் அதே டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘யுஎஸ்பி டீபக்கிங், செக்யூரிட்டி செட்டிங்ஸ்’ என்ற தனி சுவிட்சை ஆன் செய்து போனை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். படத்தோடு சத்தமும் வர ஆண்ட்ராய்டு 11-உம் ஸ்கிரீன் காப்பி 2.0-உம் குறைந்தபட்சம் வேண்டும். வேலை முடிந்ததும் வயர்லெஸ் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள். போனின் முழுக் கட்டுப்பாட்டையும் கொடுக்கும் கதவு அது.

அறிகுறி: ஐபோனில் கம்ப்யூட்டர் தெரியவில்லை

கம்ப்யூட்டரில் ஏர்பிளே வாங்கும் மென்பொருள் ஒன்று ஓட வேண்டும். ஏர்சர்வர், ரிஃப்ளெக்டர் இரண்டும் காசுக்கு, சில நாள் இலவசமாகப் பார்க்கலாம். யுஎக்ஸ்பிளே திறமூலம், ஆனால் விண்டோஸில் நிறுவப் பொறுமை வேண்டும். மென்பொருள் ஓடியும் பெயர் வராவிட்டால் நெட்வொர்க்கைப் பாருங்கள்.

வீட்டில் ஃபைபர் மோடம் ஒன்று, அதன் பின்னால் சொந்தமாக வாங்கிய ரூட்டர் ஒன்று என்று இருப்பது இப்போது சாதாரணம். கம்ப்யூட்டரின் கேபிள் மோடத்திலும் ஐபோன் ரூட்டரின் வைஃபையிலும் இருந்தால் இரண்டுக்கும் இணையம் வரும், ஆனால் ஒன்றை ஒன்று பார்க்காது. ஐபோனின் வைஃபை விவரத்தில் உள்ள ஐபி முகவரியையும் கம்ப்யூட்டரின் முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். கேபிளை மோடத்திலிருந்து பிடுங்கி ரூட்டரின் லேன் போர்ட்டில் செருகினால் சரியாகிவிடும்.

முகவரிகள் ஒன்றுபோலவே தொடங்கினால் ரூட்டரில் கெஸ்ட் வைஃபையில் இணைந்திருக்கிறீர்களா, ஏபி ஐசொலேஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே கருவிகளை ஒன்றிடமிருந்து ஒன்று மறைத்து வைக்கும். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் வகையைப் பப்ளிக்கிலிருந்து ப்ரைவேட்டுக்கு மாற்றுங்கள். சில மென்பொருள்களுக்கு, நெட்வொர்க்கில் கருவிகள் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்க உதவும் ஆப்பிளின் பான்ஜூர் சர்வீஸ் வேண்டும். சர்வீசஸ் பட்டியலில் அது நின்றுபோயிருந்தால் ஸ்டார்ட் செய்துவிட்டு, ஐபோனில் கன்ட்ரோல் சென்டரை மூடித் திறந்து ஸ்கிரீன் மிரரிங்கைத் தட்டுங்கள்.